மிரட்டுவது பேயா, ஊரா? ‘ஊரே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் எதிரணிக்கும் வேலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

காட்டுக்குள்ள ஒதுங்கிக் கிடக்கிற ஒரு ஊரை வச்சு எழுதுற அமானுஷ்ய மர்ம நாவல்ல நம்மை மிரட்டுவது பேயா, ஊரா? இதுதான் கேள்வி. எனக்கு முன்னாடி பேசின தம்பி, “பேயை எடுத்துட்டா உங்க நாவல்ல மிச்சம் இருக்கிறது சுற்றுலாத் துறை துண்டு நோட்டீஸ்தான்”னு சொல்லி கைத்தட்டல் வாங்கினாரு. நல்லாத்தான் பேசினாரு. ஆனா யார்கிட்ட சொல்றோம்னு பார்க்கணும் தம்பி. இது வேலூர். சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைத் திருவிழான்னா காளி வேஷம் முன்னால போக, பம்பை மேளச் சத்தத்தோட, கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு பாலாத்தங்கரைச் சுடுகாட்டுக்குப் போற ஜனம் இது. அங்க சூறை விடுற கொழுக்கட்டையை முந்தானை விரிச்சுப் பிடிக்கிற ஜனம். இவங்களை வெள்ளைப் புடவை காட்டி மிரட்ட முடியுமா?

அதே ஜனத்துல ஒருத்தரை ஜவ்வாது மலையில ஏதோ ஒரு சின்ன ஊர்ல இறக்கி விடுங்க. கடைசி பஸ் போயாச்சு. திண்ணையில சாமை புடைச்சுக்கிட்டு இருந்த பாட்டி, “இங்க ராத்திரி தங்காதீங்க சாமி”ங்குது. ஏன்னு கேட்டா முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்குது. இன்னும் பேய் வரவே இல்லை. பயம் வந்துடுச்சா இல்லையா?

இந்த வகை நாவல் 1764-ல இங்கிலாந்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதின புத்தகத்துல தொடங்குது. அதுக்கு அவர் பேய் பேரை வைக்கலை, ஒட்ராண்டோங்கிற ஊரோட கோட்டையைத்தான் தலைப்பா வச்சாரு. காட்டு ஊர்ல கோட்டை கிடையாது, அந்த வேலையை மலை செய்யும், அவ்வளவுதான்.

பேய்க்கு இருட்டு வேணும்னாரு தம்பி. அந்த இருட்டு யார் சொத்து? ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு, கடல் மட்டத்துல இருந்து சுமார் 700 மீட்டர் உயரம். 1986-ல இருந்து அங்க 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிக்குது, வைணு பாப்புங்கிற வானியல் விஞ்ஞானி பேர்ல. நகரத்து வெளிச்சம் எட்டாத இடம்னு தேடித்தான் விஞ்ஞானிங்க அங்க போனாங்க. அந்த மாதிரி இருட்டுல நம்ம கண்ணு பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவுல ஒரு தீக்குச்சி கிழிச்சா எல்லாம் போச்சு, முதல்ல இருந்து பழகணும். இன்னொண்ணு, மங்கலான பொருளை நேரா பார்த்தா மறைஞ்சிடும், ஓரக்கண்ணால பார்த்தாத்தான் தெரியும். ஏன்னா கண்ணோட நடுமையத்துல இருட்டுல பார்க்கிற செல்லு கிடையாது. வானம் பார்க்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம் இது. இதை நாவல்ல வைங்க: வேலியோரமா ஏதோ நிக்குது, திரும்பிப் பார்த்தா இல்லை, முகத்தைத் திருப்பினா மறுபடி நிக்குது. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு அணைச்சா முன்னைவிட மோசம், அரை மணி நேரம் வரைக்கும் கண்ணு சரியா தெரியாது. பேயைச் செய்யறது அந்த ஊரோட இருட்டு. கூகை ஆந்தை பறந்தா இறக்கைச் சத்தம் கேட்காதுங்கிறதையும் சேர்த்துக்குங்க. ஒரு வெள்ளை முகம் தலைக்கு மேல சத்தமில்லாம போகும், போனதுக்கு அப்புறம்தான் அலறும்.

இப்ப தம்பியோட பெரிய காட்சிக்கு வர்றேன், அந்த ஆணிக் காட்சி. அதுக்குத்தானே நீங்க எல்லாரும் விசிலடிச்சீங்க! தாத்தா காலத்துல பேய் பிடிச்ச பொண்ணோட முடியைப் புளியமரத்துல ஆணி வச்சு அடிச்சாங்களாம். பேரன் வந்து பார்க்கிறானாம். மரம் வளர வளர ஆணியும் மேலே போயி முப்பது அடி உசரத்துல மினுக்குதாம், பேய் எட்டாத உசரத்துல உட்கார்ந்து சிரிக்குதாம்.

தம்பி, ஆணி மேலே போகாது. மரம் உசரமா வளர்றது கொழுந்துலதான். அடிமரம் பருக்கும், அவ்வளவுதான். ஆளுயரத்துல அடிச்ச ஆணி நூறு வருஷம் ஆனாலும் ஆளுயரத்துலயேதான் இருக்கும்.

சரி, அந்த ஆணி எப்படி அங்க வந்துச்சு? அதையாவது சரியா சொல்லணும். பம்பைக்காரங்க வந்து உட்காருவாங்க. பம்பையும் உடுக்கையும் ஏற ஏற அந்தப் பொண்ணு ஆட ஆரம்பிக்கும். உடனே விரட்ட மாட்டாங்க. நீ யாரு, எந்த ஊரு, எந்த இடத்துல இவளைப் பிடிச்சேன்னு கேட்பாங்க. பேரைச் சொல்ல வைக்கிறதுதான் பாதி வேலை. அப்புறம், உனக்கு என்ன வேணும்? கேட்டதைக் கொடுத்து, போறேன்னு சத்தியம் வாங்கி, உச்சிமுடியில ஒரு கொத்தை முடிச்சுப் போட்டு, தலையில ஒரு கல்லை ஏத்தி ஓட விடுவாங்க. புளியமரத்தடிக்கு வந்து கல்லைக் கீழ போட்டதும் அந்த முடியை மரத்தோட சேர்த்து அடிச்சு, கொத்தை அறுத்து விடுவாங்க. அப்புறம் திரும்பிப் பார்க்காம வீட்டுக்கு வரணும்.

இப்ப அதே பேரனை அனுப்புறேன், பாருங்க. போறான். ஆணியைத் தேடுறான். இல்லை! மரம் பருத்துப் பருத்துப் பட்டை மூடி ஆணியை முழுசா விழுங்கிடுச்சு. முடி என்னைக்கோ இத்துப்போச்சு. வெறும் மரம். நிழல் நல்லா இருக்கேன்னு அதே இடத்துல முதுகைச் சாய்ச்சு நிக்கிறான். பட்டைக்குப் பின்னாடி ஒரு ஜாண் ஆழத்துல அந்த ஆணி அவன் கழுத்துக்கு நேரா இருக்கு. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். முப்பது அடி உசரத்துல இருக்கிற பேய் பயமா, முதுகுக்குப் பின்னாடி இருக்கிறது பயமா? சொல்லுங்க!

இன்னும் முடியலை. அந்த மரத்தை வெட்டி லாரியில ஏத்தி அறுவை மில்லுக்கு அனுப்புறேன். புளியங்கட்டைக்கு எப்பவும் கிராக்கி. செக்குக்குப் போகும், உலக்கைக்குப் போகும், கறிக்கடையில வெட்டுக்கட்டை முக்கால்வாசி புளியங்கட்டைதான். ரம்பம் ஓடுது. நல்லா ஓடிக்கிட்டு இருந்த மரத்துல திடீர்னு ஒரு கருப்புத் தீற்றல் வருது. ஈட்டி மாதிரி நீளமா, நார்ப் போக்குலயே மேலயும் கீழயும் ஓடுது. பழைய மில்காரர் உடனே “நிறுத்துடா”ம்பாரு. புதுப் பையன் இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளுவான். டக்குனு ஒரு சத்தம், ரம்பத்துப் பல்லு தெறிச்சு விழும்.

அந்தக் கருப்பு என்ன? பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டையில இருந்து வந்தவங்க இங்க இருப்பீங்க, நீங்களே சொல்லுங்க. கடுக்காயும் பட்டையும் போட்டுப் பதப்படுத்துற தோலு ஈரத்தோட இருக்கும்போது இரும்பு பட்டா என்ன ஆகும்? கறுத்துடும், அந்தக் கறை லேசுல போகாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை. மரத்துக்குள்ளயும் அதேதான் நடந்திருக்கு. செத்துப்போயி பேயா வந்த பொண்ணை அந்த மரத்துல அடைச்ச ஆணி உள்ளுக்குள்ளயே மை கக்கிக் கக்கித் தன் கதையை எழுதி வச்சிருக்கு. பேய் ஒரு வார்த்தை பேசலை. ஊருக்குள்ள யாரும் வாயைத் திறக்கலை. மரம் சொல்லிடுச்சு. தம்பி, சுற்றுலாத் துறை நோட்டீஸ்ல இதெல்லாம் போடுவாங்களா?

அந்த மையைப் பார்த்த மில்காரர் கேட்கிறாரு: “யார் மேல அடிச்ச ஆணிப்பா இது?” நாவல் அங்கதான் தொடங்குது. விசாரிக்கப் போறவன் மந்திரவாதி வீட்டுக்குப் போக வேண்டாம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். சேர்க்கைப் பதிவேட்டுல ஒரு பொண்ணு பேர் இருக்கும், நீங்கின தேதி காலியா இருக்கும். சந்தேகச் சாவுன்னா அந்தக் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆவது பிரிவுல போலீஸ் விசாரிச்சிருக்கணும், அதுவும் இருக்காது. ஊரே சேர்ந்து ஒரு பேரை விழுங்கியிருக்கு.

நடுவர் மணியைப் பார்க்கிறாரு, ஒரே ஒரு விஷயம். நம்ம வட ஆற்காட்டுல கல்யாணம்னா முதல்ல யாருக்குப் படைக்கிறோம்? பூவாடைக்காரிக்கு. அல்பாயுசுல போன நம்ம வீட்டுப் பொண்ணு அவ. பம்பைக்காரங்களை வச்சு, தண்ணிக்கரையில இருந்து கலசத்துல அழைச்சுட்டு வந்து, புதுப்புடவை, மஞ்சள், பூ வச்சு, “வாம்மா, உன் தங்கச்சி கல்யாணம், வந்து நடத்திக் குடு”ன்னு கூப்பிடுறோம். புடவையை மடியில வச்சுக்கிட்டு எத்தனை அம்மாங்க அந்த இடத்துல அழறாங்க! இங்க உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. முகத்துல தெரியுது.

அவளும் சின்ன வயசுலதான் போனா. ஆணி அடிபட்டவளும் சின்ன வயசுலதான் போனா. அதே பம்பைதான், அதே உடுக்கைதான். ஒருத்தியை வீட்டுக்கு அழைக்குது, ஒருத்தியை மரத்துல அறையுது. ஒருத்திக்கு அழறதுக்கு அம்மா இருந்தா. இன்னொருத்திக்கு ஊர் என்ன பண்ணிச்சு? அவளைப் பேயாக்கினது சாவு இல்லைங்க, ஊருதான்!

மணி அடிச்சாச்சு. கூட்டத்துல எழுதுற பிள்ளைங்க நாலு பேராவது இருப்பீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், உங்க நாவல்ல அந்தப் பொண்ணைப் பேயாக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அத்தியாயம் உயிரோட நடமாட விடுங்க. தண்ணி எடுக்கட்டும், கடுக்காய் பொறுக்கட்டும், தம்பி கூட சண்டை போடட்டும். அவளுக்குன்னு ஒரு பேர் வைங்க.

நன்றி, வணக்கம்.