ஒரே வெள்ளாடை

அன்பார்ந்த பெரியோர்களே, இளம் பெற்றோர்களே!

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானச் சடங்கில் ஒரு நொடியைக் கவனிக்காமலேயே விட்டுவிடுகிறோம். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. உச்சந்தலையில் பூசிய கிறிஸ்மா என்னும் நறுமணத் தைலம் இன்னும் மணக்கிறது. அப்போது குரு குழந்தைக்கு ஒரு வெள்ளாடையைப் போர்த்துகிறார். குழந்தை வீறிடுகிறது, தாய் தேற்றுகிறாள், மற்றவர்களின் கண்களோ அடுத்து ஏற்றப்போகும் மெழுகுவர்த்தியைத் தேடிப் போய்விடுகின்றன. அந்த ஆடையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவை அணிந்துகொண்டார்கள் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். தொடக்ககாலத் திருச்சபை அதைக் கண்ணெதிரே செய்துகாட்டியது. பாஸ்கா இரவில், அதாவது இயேசு உயிர்த்தெழுந்த பெருவிழாவின் இரவில், பழைய உடையைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். கரையேறியதும் வெள்ளாடை உடுத்தினார்கள். அந்த வாரம் முழுவதும் அதே ஆடையில் கோவிலுக்கு வந்தார்கள். பிறகு அதைக் களைந்துவைத்தார்கள். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறுக்கு இலத்தீனில் 'வெள்ளாடை ஞாயிறு' என்ற பெயர் வந்தது இதனால்தான். குருக்கள் இன்றும் திருப்பலியில் உடுத்தும் 'ஆல்ப்' என்ற நீண்ட அங்கியின் பெயரிலும் இருப்பது வெள்ளை என்ற சொல்தான்.

திருமுழுக்குப் பெற்றவரைத் தூய ஆவியால் உறுதிப்படுத்தும் அருளடையாளமாகிய உறுதிபூசுதல் என்றால் பலருக்கும் சிவப்புதான் நினைவுக்கு வரும். பெந்தகோஸ்து நாளில் சீடர்கள்மேல் இறங்கிய நெருப்பு நாவுகளின் நிறம் அது. ஆனால் அது திருப்பலி நிறைவேற்றுபவரின் திருவுடைக்கு உரிய நிறம். அவர் வெள்ளையும் அணியலாம். அருளடையாளம் பெறுகிறவர் சிவப்புதான் உடுத்த வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

புதுநன்மைக்கு, அதாவது கிறிஸ்துவின் உடலாகிய நற்கருணையைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பெறும் நாளுக்கு, வருவோம். பகுத்தறியும் வயதை, அதாவது ஏறக்குறைய ஏழு வயதை எட்டிய பிள்ளைகளுக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் காலத்தில் ஆணை வெளிவந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையாக நடந்துவருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்ந்துவிடும். அது புதிதாக வந்த வெள்ளை அல்ல. குழந்தையாக இருந்தபோது போர்த்திய ஆடைதான் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. இதை மறந்துவிடுவதால்தான் அன்றைய உடை குட்டி மணப்பெண் அலங்காரமாகிவிடுகிறது. யாருடைய உடையில் வேலைப்பாடு அதிகம் என்று பிள்ளைகள் பீடத்தின் முன்னாலேயே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். இதை அவர்களுக்குப் பழக்கியது யார்? நாம்தானே! ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏக்கத்தைக் கொடுப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

திருமுழுக்கு ஆடையைக் குடும்பத்தாரே கொண்டுவருவது விரும்பத்தக்கது என்கிறது சடங்கு நூல். அதைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். புதுநன்மைக்கு முந்தின இரவு வெளியே எடுங்கள். கைக்குட்டையளவு சிறுத்துத் தெரியும் அந்தத் துணியைப் பிள்ளையின் மடியில் வையுங்கள். தைலம் பட்ட கறை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின்மேல் விரிக்கிறோமே வெள்ளைத் துணி, அதுவும் இந்தத் திருமுழுக்கு ஆடையை நினைவூட்டத்தான்.