சட்டைக்குள் இன்னொரு கை

(அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் தமிழ் நண்பர்கள் கூடிய இசை விழாவில் பேசியது)

விழாத் தலைவர் டாக்டர் அம்மா அவர்களே, முன்னாள் தலைவர்கள் மூவரே, அந்த மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த செயலாளர் தம்பியே, காலை ஐந்து மணியிலிருந்து சமையல் கட்டில் நிற்கும் நளபாகத் தாய்மார்களே, தந்தைமார்களே (இந்த வருஷம் சாம்பார் தந்தைமார்கள் பொறுப்பு என்று கேள்விப்பட்டேன், ஆண்டவன் காப்பாற்றட்டும்), தமிழ்த்தாய் வாழ்த்தை ஒரு சொல் பிசகாமல் பாடிய இரண்டாம் வகுப்புக் குழந்தையே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர் என்னை இசை அறிஞர் என்று சொல்லிவிட்டார். இல்லை. நான் ஓய்வு பெற்ற கணக்காளன். மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பேரன் பள்ளியில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கற்றுக்கொள்கிறான். அதனால் நானும் கேட்டே ஆக வேண்டிய நிலை.

இன்று மூன்று செய்திகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, உலகமே கேட்ட 'டூயலிங் பாஞ்சோஸ்' என்ற மெட்டு எங்கே பிறந்தது. இரண்டு, பாஞ்சோ என்ற வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்த கதை. மூன்று, பாஞ்சோ வித்வான் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் வாசிப்பு. மூன்றுக்கும் சேர்த்து எங்கள் ஊர்ப் பழமொழி ஒன்று இருக்கிறது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே." நெய் அவன் வீட்டுது, அள்ளி அள்ளிப் போடுகிற கைக்குப் பாராட்டு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அந்த மெட்டைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இருக்க முடியாது. பெயர் தெரியாமல் இருக்கலாம். கிதார் மெதுவாக ஒரு சின்னக் கேள்வி கேட்கும். பாஞ்சோ அதையே திருப்பிச் சொல்லும். கிதார் கொஞ்சம் நீட்டிக் கேட்கும். பாஞ்சோ அதையும் சொல்லும், கூடவே ஒரு சிரிப்பும் சேர்க்கும். கேள்வி நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடுகிற மாதிரி ஒரு வேகம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. பேரன் முதன்முதலில் போட்டுக் காட்டியபோது நான் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன்.

உலகம் அதைக் கேட்டது 1972-இல் வந்த 'டெலிவரன்ஸ்' படத்தில். ஜான் பூர்மன் இயக்கியது. பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில், ரேபன் கவுண்டியில், சட்டூகா ஆற்றோரம் எடுத்த படம். நகரத்துக்காரர்கள் நான்கு பேர் படகு விட வருகிறார்கள். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மலைநாட்டுப் பையன் பாஞ்சோவோடு உட்கார்ந்திருக்கிறான். வந்தவர்களில் ஒருவரிடம் கிதார். சும்மா ஒரு தட்டு தட்டுகிறார். பையன் பதில் தட்டுகிறான். பிறகு நடப்பதுதான் நான் சொன்ன ஓட்டம். கடைசியில் கிதார்க்காரர் எனக்கு வழி தவறிவிட்டது என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்.

இப்போது கேளுங்கள். அந்தப் பையன் பில்லி ரெடன். அந்த ஊர்ப் பள்ளியில் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். முகம் அப்படி வாய்த்த முகம். ஒரே ஒரு குறை, பையனுக்குப் பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. வலது கையை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். தந்தி மேல் விரலை ஆட்டினால் தூரத்துக் கேமராவுக்குப் போதும். இடது கை? அது தந்தியை எந்த இடத்தில் அழுத்துகிறது என்பது அப்பட்டமாகத் தெரியுமே! விஷயம் தெரிந்தவன் கொட்டகையிலேயே சிரிப்பான். என்ன செய்தார்கள் தெரியுமா? அதற்கென்றே ஒரு சட்டை தைத்தார்கள். பையனுக்குப் பின்னால் மைக் அடிஸ் என்ற உள்ளூர் வித்வான் குனிந்து ஒளிந்துகொண்டார். சட்டைக்கை வழியாக அவருடைய கை வெளியே வந்தது. பையன் முன்னால் சிரிக்கிறான், பின்னால் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கிறார். கேமரா இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தால் நான்கு கை விஷ்ணு தரிசனம்தான்.

இன்னும் இருக்கிறது. வாசிப்பு முடிந்ததும் கிதார்க்காரர் பாராட்டிக் கை கொடுக்க வருகிறார். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மலைநாட்டானின் வீம்பு என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். என்னைக் கேட்டால், பாவம், பாராட்டு யார் கைக்கு என்று பையனுக்கே குழப்பம் வந்திருக்கும்!

சரி, கை அடிஸுடையது. நாம் கேட்கும் ஒலி அவருடையதும் இல்லை. பாஞ்சோ வாசித்துப் பதிவு செய்தவர் எரிக் வைஸ்பர்க். நியூயார்க்காரர், ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்தவர், மலைநாட்டு இசையைப் பயபக்தியோடு கற்றவர். கிதார் ஸ்டீவ் மாண்டல். பெயரில் பாஞ்சோக்கள் என்று பன்மை போட்டிருக்கிறார்கள், வாசிப்பில் பாஞ்சோ ஒன்றுதான். அந்த இசைத்தட்டு 1973-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கிராமி விருதும் வந்தது. வார்த்தையே இல்லாத மலைநாட்டு மெட்டுக்கு!

முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது, ஒலி மூன்றாமவருடையது. மெட்டு? இங்கேதான் நம் ஊர் வருகிறது. நம் ஊர் என்றால் இந்தச் சார்லட்.

1954-இல் அந்த மெட்டைப் போட்டவர் ஆர்தர் ஸ்மித். தென் கரோலினாவில் 1921-இல் பிறந்தவர். 'கிதார் பூகி' என்று ஒரு வாசிப்பு வாசித்துப் பெயர் வாங்கி, அதனாலேயே கிதார் பூகி ஸ்மித் ஆனவர். சார்லட்டுக்கு வந்து வானொலி, தொலைக்காட்சி என்று வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். இங்கே அவர் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் 1965-இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வந்து தன் பெரிய வெற்றிப் பாடல் ஒன்றைப் பதிவு செய்தார். ஸ்மித் 2014-இல் இதே ஊரில் காலமானார். அப்போது நான் இங்கே இருந்தேன், யாரென்று தெரியாமல் இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அவர் வைத்த பெயர் 'ஃப்யூடின் பாஞ்சோஸ்'. இரண்டு குடும்பங்கள் வாய்க்கால் வரப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொள்ளுமே, அந்தப் பகை. 1955-இல் பதிவு செய்தபோது உண்மையாகவே இரண்டு பாஞ்சோ. ஸ்மித் கையில் நான்கு தந்தி, டான் ரீனோ கையில் ஐந்து தந்தி. ரீனோ சாதாரண ஆள் இல்லை. புளூகிராஸ் என்ற மலைநாட்டு இசை வகையின் தந்தை என்று கொண்டாடும் பில் மன்றோவின் குழுவில், 1948-இல் ஸ்க்ரக்ஸ் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர்.

பதினேழு வருஷம் கழித்து அந்த மெட்டு வெள்ளித்திரையில் ஓடுகிறது. படத்தில் ஸ்மித்தின் பெயர் இல்லை. நெய் சார்லட்டுது, கை ஹாலிவுட்டுது. ஊரான் வீட்டு நெய்யே! மனிதர் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டார். ஜெயித்தார். எழுதியவர் என்ற பெயரும் கிடைத்தது, உரிமைத்தொகையும் கிடைத்தது. கணக்காளன் என்ற முறையில் உரிமைத்தொகையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது செய்தி, ஆப்பிரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, கம்பு செருகி, தந்தி இழுத்து வாசித்தார்கள். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் அந்த நினைவை வைத்து இந்தக் கரையில் செய்துகொண்ட வாத்தியம்தான் பாஞ்சோ. செய்தவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? இதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். தலைவர் அம்மா அடுத்த வருஷம் தருவார் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, ஸ்க்ரக்ஸ். இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஷெல்பி. பழைய நீதிமன்றக் கட்டடத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2014-இல் திறந்தார்கள். அவுட்லெட் கடைக்குப் போகிற சனிக்கிழமைகளில் ஒன்றை அதற்குக் கொடுங்கள். பத்து வயதில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போய்த் தனியாக வாசித்துக்கொண்டிருந்த பையன், தன் மூன்று விரலும் சேர்ந்து ஓடுவதைத் திடீரென்று கவனித்தானாம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். வீணைக்காரர்கள் விரலில் கம்பி மாட்டிக்கொள்வது போல இவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு தட்டு. என் பேரன் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக. தகிட தகிட தக. அவன் வாத்தியாரிடம் இதைச் சொன்னானாம், அவர் அன்றைக்கு வகுப்பு முழுக்க எல்லாரையும் தகிட சொல்ல வைத்தாராம்.

அந்த ஐந்தாவது தந்தியைப் பாருங்கள். மற்ற நான்கும் கழுத்தின் உச்சிவரை போகும். இது பாதி வழியில் ஒரு முளையோடு நின்றுவிடும், குட்டைத் தந்தி. அதை யாரும் அழுத்துவது அபூர்வம். கட்டை விரல் அதை விட்டு விட்டுத் தட்டும், ஒரே சுரம், கூடவே வந்துகொண்டிருக்கும். அது என்ன? ஒத்து! நாகசுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பாரே, அவர்.

என் சித்தப்பா ஒத்துக்காரர். மன்னார்குடிப் பக்கம் எத்தனையோ கோவில், எத்தனையோ முகூர்த்தம். நம் ஊரில் ஒத்து ஊதுவது என்றால் ஆமாம் சாமி போடுவது என்று கேலி வேறு. கன்னம் உப்ப, மூச்சு அறுபடாமல் மணிக்கணக்கில் ஊதிப் பார்த்தால் தெரியும். அவர் இறந்த பிறகு பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தோம். உள்ளே வாசித்த கச்சேரிகளின் நோட்டீஸ்கள், மடிப்புக் கலையாமல். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே வரி: "மற்றும் குழுவினர்".

மற்றும் குழுவினர்! தமிழில் இதைவிடச் சோம்பேறித்தனமான இரண்டு சொல் இல்லை. போன வருஷம் ஒரு விழா, எந்த விழா என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நாளை எனக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடைக்காது. பாடகியின் படம் அரைப் பக்கம். நிதி கொடுத்தவர்கள் பெயர் பட்டப்படிப்போடு. வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் சேர்ந்து மற்றும் குழுவினர். கடம் வாசித்தவர் அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் ஐயா! ஊரான் வீட்டு நெய் என்றேனே, அந்த நெய் இதுதான். ஆர்தர் ஸ்மித்துக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. ஒத்துக்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

என் கோரிக்கை சின்னது. இனி அச்சாகும் ஒவ்வொரு அழைப்பிதழிலும், யூடியூபில் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவின் கீழும், மேடையில் ஏறிய ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும். மெட்டுப் போட்டவர் பெயர் முதலில் வர வேண்டும். இடம் போதாது என்றால் என்னைப் போன்ற பேச்சாளர்களின் படத்தை எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரக்ஸ் பற்றி இன்னும் இருக்கிறது. மன்றோ பெயரில் பதிவான மெட்டு ஒன்றைத் தான்தான் போட்டதாக அவரே பின்னால் சொன்ன கதையும் இருக்கிறது. செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டாவது தடவை காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் தம்பி.

இன்றைய அழைப்பிதழ் என் கையில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. முதல் நிகழ்ச்சிக்கு மிருதங்கம் வாசித்த தம்பி, அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறீர்களே, உங்களைத்தான். கொஞ்சம் முன்னால் வாருங்கள். பெயர் என்னப்பா? இனிஷியலோடு சொல்லுங்கள்.