அம்பாசடரின் மூன்று பெட்ரோல் எஞ்சின்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு காலத்தில் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் வந்துபோன அம்பாசடர் கார்களில் சில, மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் இன்னும் வீட்டுக் கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றை மீண்டும் ஓட்ட விரும்பிப் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பழைய 1500 எஞ்சினையே செப்பனிடுவதா, 1800 எஞ்சினை வாங்கிப் பூட்டுவதா என்பதைத்தான்.

1957-இல் அம்பாசடர் வந்தபோது அதில் இருந்தது, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்த 1476 சி.சி. எஞ்சின். அது இன்று கிடைப்பதே அரிது. 1959-இல் வந்த, 1500 என்று நாம் அழைக்கும் 1489 சி.சி. எஞ்சினின் கொள்ளளவு அதைவிட 13 சி.சி.தான் கூடுதல், ஆனால் வால்வுகள் பிஸ்டனுக்கு மேலே ஏறிவிட்டதால், 40 குதிரைத்திறனை ஒட்டியிருந்த ஆற்றல் 50-ஐத் தொட்டது. எஞ்சினின் திறம், அது காற்றை எவ்வளவு எளிதாக உள்ளிழுத்து வெளிவிடுகிறது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. அப்படியும் அதன் மூச்சு முழுமையானதன்று: இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே உள்வழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், வேகம் கூடக்கூட அது திணறும்.

1800 என்று நாம் அழைப்பது, 1990-களின் தொடக்கத்தில் வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சின். அதில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், எஞ்சினின் தலைப்பகுதியிலேயே சுழல்கிறது. சிலிண்டரின் விட்டம் 84 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 82 மி.மீ.; பழையதில் விட்டம் 73 மி.மீ., ஓட்டம் ஏறத்தாழ 89 மி.மீ. ஓட்டம் குறைந்தால் அதே சுழற்சியில் பிஸ்டன் கடக்கும் தூரமும் குறைகிறது. அதனால் நெடுஞ்சாலையில் இது அலுக்காமல் ஓடும். ஏறத்தாழ 75 குதிரைத்திறன் என்பது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஐந்து பேருடன் பாம்பன் பாலத்தில் ஏறும்போது நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மதுரைக்கு அடிக்கடி போகாதவர்களுக்குப் பழைய 1489-ஐயே நான் பரிந்துரைக்கிறேன். 1800-ஐப் பூட்டுவதென்றால் கியர்பாக்ஸையும் எஞ்சின் தாங்கிகளையும் மாற்றியாக வேண்டும். பதிவுச் சான்றிதழிலும் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். பழையதையோ, ஊர் லேத் பட்டறையின் துணையோடு உள்ளூரிலேயே முழுமையாகச் சீர்செய்துவிடலாம்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் அதன் எஸ்.யூ. கார்புரேட்டரை மட்டும் உப்புக்காற்றிலிருந்து காக்க வேண்டும். அதனுள் மேலும் கீழும் நகரும் உருளையின் மீது வெண்பொடி பூத்தால், உருளை பாதி வழியில் சிக்கிக்கொண்டு எஞ்சின் உதறும். காற்று வடிகட்டியைக் கழற்றி, அந்த உருளையை விரலால் தூக்கி விடுங்கள். அது தடையின்றி இறங்கி, அடியில் 'டக்'கென்று தட்ட வேண்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை, வால்வுகள் மூடும்போது அமரும் இருக்கைகளான வால்வு சீட்டுகளைப் பற்றியது. அவை இருக்கும் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி இரும்பில் வார்த்தது. 2000-ஆம் ஆண்டு ஈயம் நின்றபின், நெடுந்தூரம் விரட்டி ஓட்டினால் வெளியேற்று வால்வு தன் இருக்கையைத் தேய்த்து உள்ளே இறங்கிவிடுகிறது. அப்போது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி தானாகவே சுருங்கும். ஆகவே ஒவ்வொரு முறை டேப்பட் சரிசெய்யும்போதும் அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டை இறக்கிக் கடின உலோக வளையங்களைப் பதித்துவிடுங்கள்.