பூசணிக்காயும் பத்திரிகை அறிக்கையும்

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஆலயக் குருக்கள் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கிடையில் நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித்தரும் ஆசிரியைகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்காகக் காய்கறிப் பிரியாணி ஆக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மக்கள் தொடர்புத் தொழிலில் மனச்சாட்சி என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். எழுதும் அறிக்கை, வாங்கும் பணம் என்று இரண்டைப் பற்றிப் பேச வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று டர்பனுக்கு அருகே டோங்காட்டில் எங்கள் ஆயா சொல்வார். என் தொழிலுக்கு அதுவே சட்டம்.

‘பொய் எழுது’ என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. ‘அந்த வரி வேண்டாமே’ என்பார். ‘அதைக் கடைசிப் பத்தியில் போடுங்கள்’ என்பார். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும். படித்தவர் மனத்தில் தங்குவது பொய்யாக இருக்கும். சங்கடம் அங்கேதான்.

டர்பனின் தென்பகுதியில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். நான் அங்கே இளம் உதவியாளன். சுற்றுவட்டாரத்தில் கரி படிகிறது என்று புகார் வந்தது. ‘காரணத்தை ஆராய்ந்து வருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு, ‘கரும்புத் தோட்டம் எரிப்பதால் வரும் சாம்பலாக இருக்கலாம்’ என்று மாற்றினார். ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார்! அந்த வட்டாரத்து மெர்பேங்க் மண்டபத்தில் கூட்டம். மேலாளர் அறிக்கையை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் ஆயா எழுந்து வந்தார். கொடியில் காயப்போட்ட வெள்ளைப் புடவையை அப்படியே மேசைமேல் விரித்தார். புடவை முழுக்கக் கறுப்புப் புள்ளி. ‘தம்பி, நான் கரும்புக்காட்டில் பிறந்தவள். கரும்புச் சாம்பல் உதறினால் போகும். இது சவுக்காரம் போட்டாலும் போகவில்லை, தொட்டால் பிசுபிசுக்கிறது. நீயே துவைத்துக் கொண்டுவா’ என்று புடவையைச் சுருட்டி மேலாளர் கையில் திணித்தார். மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. மேலாளருக்குப் புடவையைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்திருக்கவும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காய், ஐயா!

அடுத்தது பணம். லண்டனின் பெல் பாட்டிஞ்சர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016-இல், அரசியல் செல்வாக்குள்ள தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக மாதம் ஒரு லட்சம் பவுண்டுக்கு வேலை எடுத்தது. ‘வெள்ளை ஏகபோக முதலாளித்துவம்’ என்ற முழக்கத்தை ஊதிப் பெருக்கி நம் தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைக் கிளறியது. ஏழைகளின் நியாயமான கோபத்தை ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் கேடயமாக்கிய கொடுமை அது. அன்றைய எதிர்க்கட்சியான ‘ஜனநாயகக் கூட்டணி’ புகார் கொடுத்தது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் அந்த நிறுவனத்தை வெளியேற்றியது; சில நாட்களில் நிறுவனமே விழுந்தது. நம் நாட்டிலும் 1957 முதல் மக்கள் தொடர்பாளர்களின் அமைப்பான பிரிசா இருக்கிறது, ஒழுக்க விதிகள் இருக்கின்றன. ஆனால் யாருடைய பணத்தை வாங்குவது என்பதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நாமும்தான். நம் தமிழ் வகுப்புக்கு ஒரு சூதாட்ட நிறுவனம் நன்கொடை தர முன்வந்திருக்கிறது. காவடித் திருவிழாவில் அவர்கள் பதாகையைக் கட்டினால் போதுமாம். நன்கொடை தரும் நிறுவனங்களுக்காக மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். ‘பத்திரிகையில் என்ன படம் வரும்?’ என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். ஓய்வூதியம் வந்த அன்றே கைப்பேசியில் பந்தயம் கட்டித் தோற்கும் தாத்தாக்கள் நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இல்லையா? அவர்கள் பேரப்பிள்ளைகளின் சிரித்த முகத்தை அந்தப் பதாகைக்குக் கீழே நிறுத்தலாமா? இந்தப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்தவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும், கரும்புக்காட்டுக் கூலியில் மிச்சம்பிடித்துக் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். நம்மால் ஒரு தமிழ் வகுப்பை நடத்த முடியாதா? வாசலில் சந்தாப் புத்தகம் வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு மாதம் ஐம்பது ரேண்ட். முதல் பெயர் என்னுடையது. அந்த நன்கொடையை மறுக்கும் தீர்மானத்தைச் செயற்குழு இன்றே, சாப்பாட்டுக்கு முன்பே, எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.