வால்டியூப்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், வந்ததுமே மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்துவிட்ட அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

கார் பந்தயத்துக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். காதில் விழுந்தது. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். வண்டிகள் பறக்கும். பின்னாலேயே பைக்குகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கத்திக்கொண்டே போகும். முடிந்ததும் சாரதி மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ‘உன் ஆள்தானே குறுக்கே விட்டான்’ என்று சட்டையைப் பிடிப்பவன் பைக்கில் வந்தவன்தான்.

நானும் பைக்கில் வந்தவன். என் சாரதி பிரேசில்காரர், அயர்டன் சென்னா. 1988, 1990, 1991 என மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டி, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவருக்குப் போட்டி பிரான்சுக்காரர் அலான் புரோஸ்ட். நான்கு முறை சாம்பியன். 1989இல் இருவரும் மெக்லாரன் என்ற ஒரே அணி. ஜப்பானில் சுசூகா பந்தயத்தில் இரண்டு கார்களும் மோதி நின்றன. சென்னா காரைத் தள்ளவிட்டுக் கிளப்பி, முதலாவதாகவும் வந்தார். வளைவைச் சுற்றாமல் குறுக்கே போய்த் திரும்பச் சேர்ந்தது தப்பு என்று வெற்றியைப் பறித்தார்கள். பட்டம் புரோஸ்டுக்குப் போனது.

சரி, அடுத்த வருஷம் அதே சுசூகா. முதலிடத்தில் கிளம்ப வேண்டியவர் சென்னா. ஆனால் அவர் கார் நிற்கும் பக்கம் பாதையில் அழுக்கு, டயர் பிடிக்காது. பக்கத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டார். மாட்டோம் என்றார்கள். முதல் வளைவிலேயே நேரே கொண்டுபோய்ப் புரோஸ்டின் காரில் மோதினார். இரண்டு பேரும் அவுட். புள்ளிகளில் முன்னால் இருந்ததால் பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றே செய்ததுதான் என்று 1991இல் அவரே ஒத்துக்கொண்டார்.

புரோஸ்ட் மட்டும் என்ன? 1993இல் வில்லியம்ஸ் அணிக்குப் போனபோது, சென்னாவை எனக்குக் கூட்டாளியாகப் போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். உலகத்திலேயே வேகமான இரண்டு மனிதர்கள், வாய்க்கால் தண்ணீருக்கு மடை அடைக்கிற பங்காளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் படித்தபோது என் ஆள் மேல் கோபம் வரவில்லை. கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. வாடகைச் சைக்கிள் எடுத்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி ஜங்ஷன் வரைக்கும் பந்தயம். சுலோச்சன முதலியார் சொந்தக் காசில் கட்டி 1843இல் திறந்த பாலம். அதில் நாங்கள் விட்ட பந்தயம் தெரிந்தால் மனுஷர் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார். எப்போதும் ஜெயிப்பவன் என் நண்பன். அன்றைக்கு அவன் மோர் குடிக்கப் போன நேரம், அவன் சைக்கிளின் பின்சக்கரத்தில், காற்று வெளியேறாமல் தடுக்கும் வால்டியூபைப் பிடித்திருக்கும் திருகை அரைச்சுற்று தளர்த்தினேன். முழுக்கக் கழற்றினால் தெரிந்துவிடும். அரைச்சுற்று என்றால் மெதுவாக இறங்கும், பஞ்சர் என்று நினைப்பான். பாலத்தின் நடுவில் டயர் உட்கார்ந்துவிட்டது. நான் ஜங்ஷனில் காத்திருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவன், “இன்னைக்கு நல்லா மிதிச்சடே” என்றான்.

அவ்வளவு கணக்காக அரைச்சுற்று என்று தோன்றியதே, அந்த மூளையைப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992இல் பெல்ஜியத்தில் பயிற்சி ஓட்டம். எரிக் கோமாஸ் என்பவரின் கார் மோதி நிற்கிறது. அவர் மயங்கிக் கிடக்கிறார், இன்ஜின் அலறிக்கொண்டே இருக்கிறது. சென்னா தன் காரை நிறுத்திவிட்டு, மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த பாதையிலேயே ஓடிப்போய் அந்த இன்ஜினை அணைத்தார். மருத்துவர் வரும்வரை கோமாஸின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மோதியவரும் அவர்தான், ஓடியவரும் அவர்தான். 1994 மே 1 அன்று இத்தாலியில் இமோலா பந்தயத்தில் கார் மோதி அவர் இறந்தபோது, பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்டும் ஒருவர்.

என் நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பஞ்சர் இல்லை என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரியும். பயப்படாதே டே, வெளியே உன் பைக்கில் காற்று சரியாக இருக்கிறது. வரும்போதே அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.