படகு டீசல் ஃபில்டர்: 2 மைக்ரானா, 10 மைக்ரானா, 30 மைக்ரானா?

[காட்சி: விசைப்படகின் இன்ஜின் அறை. டேங்கிலிருந்து இன்ஜின் வரை டீசல் குழாயைத் தொடர்ந்து கேமரா நகர்கிறது.]

படகுக்கு டீசல் ஃபில்டர் வாங்கப் போனால், ‘எத்தனை மைக்ரான்?’ என்று கடைக்காரர் கேட்பார். இருப்பதிலேயே நுண்மையான 2 மைக்ரானைப் போட்டால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எந்த இடத்தில் போடுகிறோம் என்று பார்க்காமல் அதைப் பொருத்தினால், நடுக்கடலில் இன்ஜின் திணறி நின்றுவிடக்கூடும்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். ஃபில்டர் எவ்வளவு சிறிய துகளைப் பிடிக்கும் என்பதை அதில் சொல்கிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜெக்‌ஷன் பம்பில், டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்கள் மட்டுமே. அதனால், கண்ணாடிக் குவளையில் பளிச்சென்று தெரியும் டீசலில்கூட பம்பைத் தேய்க்கும் தூசி இருக்கலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டுகிறது. அந்த வேகத்தில் வரும் நுண்துகள், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அரித்தே விடும். ஆக, நுண்மையான ஃபில்டர் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

[காட்சி: வரைபடம். டேங்க், முதல் ஃபில்டர், ஃபீட் பம்ப், இரண்டாம் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப்.]

டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. பின்னால் தள்ளப்பட்டுப் போகிறது. தள்ளும் பக்கத்தில் நுண்மையான தாளைத் தாண்ட பம்பின் அழுத்தம் கைகொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் அந்த வசதி இல்லை. அங்கே அடைப்பு கூடக்கூட, வெளியே ஒரு சொட்டுக் கசியாத இணைப்பு வழியாகக்கூட காற்று உள்ளே நுழையும். முழு வேகத்தில் இன்ஜின் இழுவை இழக்கும்.

அதனால் என் பரிந்துரை இது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினுக்கு, நீர்ப் பிரிப்பானுடன் கூடிய முதல் ஃபில்டர் 30 மைக்ரான் இருக்கட்டும். காமன் ரெயில் என்றால் 10. இன்ஜினிலேயே பொருத்திய இரண்டாம் ஃபில்டரின் அளவை நாம் முடிவு செய்யவே கூடாது. கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். முதல் ஃபில்டருக்கும் கையேடு ஓர் அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ‘10 மைக்ரான்’ என்று எழுதிய இரண்டு ஃபில்டர்களில் ஒன்று அந்த அளவுத் துகள்களில் பாதியை மட்டும் பிடிக்கலாம். இன்னொன்று 75 துகள்களில் ஒன்றை மட்டுமே தப்பவிடலாம். இதைச் சொல்வது பீட்டா விகிதம்: முன்னதற்கு 2, பின்னதற்கு 75. விவரத்தாளில் அதைத் தேடிப் பாருங்கள்.

மைக்ரான் அளவைப் போலவே, மணிக்கு எத்தனை லிட்டர் டீசலைக் கடத்தும் என்ற கொள்ளளவும் முக்கியம். பம்ப் இழுக்கும் டீசல் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி டேங்குக்கே திரும்புகிறது. ஆகவே மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை வைத்து ஃபில்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பாருங்கள். இடம் இருந்தால் ஒரு படி பெரியதையே பொருத்துங்கள்.

[காட்சி: முதல் ஃபில்டரின் தலையில் வெற்றிட மானி. முள் மெல்ல ஏறுகிறது.]

கடல் கொந்தளிக்கும்போதுதான் டேங்கின் அடியில் படிந்த சகதி கலங்கி மேலே வருகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிரிகளின் வழவழப்பும் அதோடு சேர்ந்து வரும். கரையில் மாதக்கணக்கில் தாங்கிய ஃபில்டர் அப்போது சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அதை முன்கூட்டியே காட்டுவது, டீசலை உறிஞ்ச பம்ப் எவ்வளவு சிரமப்படுகிறது என்று அளக்கும் இந்த வெற்றிட மானி. புது ஃபில்டர் போட்டதும், முழு வேகத்தில் ஓட்டி முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஐடிலில் பார்த்தால் பயனில்லை, ஓட்டம் குறைவு என்பதால் முள் ஏறாது. அளவு ஏறி, கையேடு சொல்லும் எல்லையை நெருங்கும்போது ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

[காட்சி: திருகிப் பொருத்தும் ஃபில்டரின் மேல்முகம், அண்மையில்.]

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றிலும் சிறு துளைகள். பெரும்பாலான ஃபில்டர்களில் டீசல் சிறு துளைகள் வழியே நுழைந்து, வடிகட்டப்பட்டு, நடுத்துளை வழியே இன்ஜினுக்குப் போகிறது. காற்று நிற்காமல் இருக்க நடுத்துளையில் டீசலை ஊற்றினால், அது வடிகட்டப்படாமலேயே இன்ஜெக்டருக்குப் போய்விடும். இரண்டாம் ஃபில்டரைக் காலியாகவே திருகிவிட்டு, கைப்பம்பை அடித்து நிரப்புங்கள்.