ஓராண்டே நீடித்த இணைப்பு

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்பிஸ். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர். அது அடங்கிய ஷெல்பி மாவட்டத்தில் 2013 வரை இரண்டு அரசுப் பள்ளி நிர்வாகங்கள் இருந்தன. நகர நிர்வாகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழை வீட்டுப் பிள்ளைகள். புறநகர்களைக் கவனித்த மாவட்ட நிர்வாகத்தில் ஏறத்தாழ 47,000 பேர். அங்கே வசதியான குடும்பங்கள் அதிகம். இந்த இரண்டையும் ஒன்றாக்க நடந்த முயற்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1961-இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய கறுப்பினக் குழந்தைகள் 13 பேர் முதன்முதலாக மெம்பிஸின் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். 1973-இல் நீதிமன்ற ஆணைப்படி, பஸ்ஸில் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பி இனங்களைக் கலக்கத் தொடங்கியதும், பல்லாயிரம் வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நகரப் பள்ளிகளிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். சிலர் தனியார் பள்ளிகளைத் தேடினார்கள். சிலர் புறநகருக்கே குடிபெயர்ந்தார்கள்.

பணம் போகும் வழி தெரிந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். மாவட்டச் சொத்துவரியை நகரத்தாரும் புறநகரத்தாரும் சேர்ந்தே கட்டினார்கள். அதில் பள்ளிகளுக்கு ஒதுக்கியது, மாணவர் வருகைக் கணக்குப்படி இரண்டு நிர்வாகங்களுக்கும் பிரிந்தது. நகரத்தார் அதற்கு மேல் தங்கள் நகர வரியிலிருந்தும் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். புறநகர் நிர்வாகமோ, தன் எல்லையை நிரந்தரமாக்கித் தானே வரி விதிக்கும் உரிமையுள்ள தனிப் பள்ளி மண்டலமாக மாற நெடுநாளாக ஆசைப்பட்டது. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி மாநிலத்தில் பெரும் வெற்றி பெற்றதும், அந்த ஆசை நிறைவேறிவிடும், பொது வரியில் நகரப் பிள்ளைகளுக்கு வரும் பங்கு சுருங்கிவிடும் என்ற அச்சம் மெம்பிஸில் எழுந்தது.

அப்போது நகரப் பள்ளி வாரியம் எடுத்த முடிவு அசாதாரணமானது. 2010 டிசம்பர் 20 அன்று, 5-க்கு 4 என்ற வாக்கில், தான் இயங்குவதற்கு உரிமை தந்த சாசனத்தையே ஒப்படைத்துத் தன்னைக் கலைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. நகரம் விட்டுவிட்டால் மாவட்டம் அந்தப் பிள்ளைகளை ஏற்றே ஆக வேண்டும். 2011 மார்ச்சில் நகர வாக்காளர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினர் இதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். புறநகர் மக்களுக்கு அதில் வாக்கு இல்லை. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். தம் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிய முடிவில் யாரும் வெறும் பார்வையாளராக இருக்க விரும்பமாட்டார்கள்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு மாநிலச் சட்டமன்றம் கொடுத்த மருந்துதான் இணைப்பைக் கொன்றது. வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பே நிறைவேறிய நாரிஸ்–டாட் சட்டம், இணைப்பை 2013 வரை தள்ளிவைத்தது. திட்டமிட 21 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. அதே சட்டம், ஷெல்பி மாவட்டத்துச் சிற்றூர்கள் சொந்தப் பள்ளி நிர்வாகம் தொடங்குவதற்கு இருந்த தடையையும் நீக்கியது. வீடு கட்டும்போதே வெளியேறும் கதவை முதலில் பொருத்திவிட்டார்கள்.

2013 ஜூலை 1 அன்று இரண்டு நிர்வாகங்களும் ஒன்றாயின. அமெரிக்காவில் இவ்வளவு பெரிய பள்ளி இணைப்பு அதற்கு முன் நடந்ததில்லை. அதே மாதத்தில் பார்ட்லெட், ஜெர்மன்டவுன், காலியர்வில், ஆர்லிங்டன், லேக்லேண்ட், மில்லிங்டன் ஆகிய ஆறு ஊர்களும் பிரிந்துபோக வாக்களித்தன. 2014 ஆகஸ்டில் அவை தங்கள் பள்ளிகளைத் திறந்தன. ஒரே ஒரு கல்வியாண்டுதான் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் மானியமும் குறையும். மிச்சமிருந்த பெரிய நிர்வாகம் மெம்பிஸில் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

ஜெர்மன்டவுனில் நடந்ததை நேயர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்த ஊரின் பெயரையே தாங்கிய தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மூன்றிலும் படித்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வசித்த பிள்ளைகள். ஆகவே அந்த மூன்றும் ஷெல்பி நிர்வாகத்திடமே தங்கிவிட்டன. ஊர் விடவில்லை. 2022-இல் சட்டமன்றம் மீண்டும் தலையிட்டது. சொந்த நிர்வாகம் உள்ள ஊருக்குள் வேறொரு நிர்வாகம் பள்ளி நடத்தக் கூடாது என்ற கருத்தில் ஒரு சட்டம் வந்தது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பக்கத்திலுள்ள கார்டோவாவில் புதிய பள்ளி கட்டுவது என்று முடிவாயிற்று. புதுக் கட்டடம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் தாம் படித்துக்கொண்டிருந்த பள்ளி தமக்கு உரியதல்ல என்று ஒரு சட்டமே சொல்வதைக் கேட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

இணைப்பு முழுத் தோல்வி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புறநகர்கள் விரும்பிய தனி வரி மண்டலம் வரவே இல்லை. மாவட்ட வரிப்பணம் இன்றும் மாணவர் எண்ணிக்கைப்படி ஏழு நிர்வாகங்களுக்கும் பிரிகிறது. மெம்பிஸ் பிள்ளைகளின் பங்கு அதில் காப்பாற்றப்பட்டது. 2010-இல் நகரப் பள்ளி வாரியத்தில் அந்த ஐந்து வாக்குகள் விழாமல் போயிருந்தால் அதுவும் கைவிட்டுப் போயிருக்கக்கூடும்.

வணக்கம்.